ஒரே நாட்டுக்குள் எல்லைச் சோதனை எதற்கு? ஆஸ்திரேலியத் திராட்சைத் தோட்டங்களும் ஃபிலாக்ஸெராவும்

கேள்வி: விக்டோரியாவின் யாரா பள்ளத்தாக்கில் திராட்சை அறுவடை வேலை முடித்துவிட்டு, மில்டுரா வழியாகத் தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசாவுக்கு அடுத்த வேலைக்குப் போகிறேன். மாநில எல்லையில் காரில் இருந்த திராட்சையை வாங்கித் தொட்டியில் போட்டுவிட்டார்கள். பரோசா தோட்டக்காரரோ பூட்ஸை ப்ளீச்சில் முக்காமல் உள்ளே வரக்கூடாது என்கிறார். ஒரே நாடுதானே, இவ்வளவு கெடுபிடிக்கு அறிவியல் காரணம் உண்டா? இல்லை, பக்கத்து மாநிலச் சரக்கைத் தடுக்கும் வியாபார வேலையா?

பதில்:

அறிவியல் காரணம் உண்டு. உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. பூச்சியைக் காரணம் காட்டிப் பக்கத்து மாநிலப் பொருளைத் தடுத்த கதை ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கிறது, உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உங்களுக்கு நடந்தவை இரண்டும் வெவ்வேறு விஷயங்கள்.

மில்டுராவிலிருந்து ரென்மார்க் போகும் ஸ்டர்ட் நெடுஞ்சாலையில் இருக்கும் யம்பா சாவடி முக்கியமாகப் பழ ஈக்காக நிற்கிறது. அங்கே திராட்சை மட்டுமல்ல, தக்காளி, ஆப்பிள் என்று பழ ஈ முட்டையிடக்கூடிய எதையும் வாங்கிவிடுவார்கள். கடையில் வாங்கியதா, வீட்டில் விளைந்ததா என்று பார்ப்பதில்லை. சாவடியைத் தாண்டினால் வருவது ரிவர்லேண்ட். அங்கே பழத்தோட்டம்தான் பிழைப்பு. ஆகவே அந்தக் கண்டிப்பு.

பூட்ஸ் விஷயம் வேறு. அது ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சிக்கானது. பழ ஈ இந்த வருடத்துப் பழத்தைக் கெடுக்கும். ஃபிலாக்ஸெரா கொடியையே கொல்லும். பரோசாக்காரர் பயப்படுவது இதற்குத்தான். அவர் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார் என்பது இந்தப் பூச்சியைப் புரிந்துகொண்டால் தானே விளங்கும்.

ஃபிலாக்ஸெரா அசுவினி இனத்துக்கு நெருங்கிய உறவு. மஞ்சள் நிறம், வளர்ந்த பூச்சியே ஒரு மில்லிமீட்டர் அளவுதான். சொந்த ஊர் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. அங்குள்ள காட்டுத் திராட்சைகள் இதனோடு சேர்ந்தே பரிணமித்தவை. பூச்சி கடித்த இடத்தைச் சுற்றி ஆறவைத்துக்கொண்டு பிழைத்துவிடும். ஐரோப்பியத் திராட்சைக்கு, அதாவது உலகில் ஒயினுக்காகப் பயிராகும் ஷிராஸ், கேபர்னே, ஷார்டனே எல்லாம் அடங்கிய அந்த ஒரு இனத்துக்கு, அந்தப் பழக்கம் கிடையாது. பூச்சி வேரில் வாய் வைத்ததும் இளவேரின் நுனி கொக்கிபோல வளைந்து வீங்கும். தடித்த வேர்களில் கழலை விழும், அந்தக் கழலை வெடிக்கும், வெடிப்பு வழியாக மண்ணில் இருக்கும் பூஞ்சைகள் உள்ளே நுழையும். வேர் அழுகும். கொடி சாவது பெரும்பாலும் இந்த அழுகலால்தான். பூச்சி உறிஞ்சும் சாறு அதற்குக் குறைந்த காரணம்.

இதில் மோசமான அம்சம் தாமதம். தொற்று வந்து முதல் இரண்டு மூன்று வருடம் மேலே எதுவும் தெரியாது. பிறகு வரிசை நடுவில் ஒன்றிரண்டு கொடிகள் பருவத்துக்கு முன்பே மஞ்சளாகும், தளிர் குட்டையாகும். அடுத்த வருடம் அந்தத் திட்டு அகலும். சிந்திய எண்ணெய் பரவுவதுபோல நடுவிலிருந்து சுற்றிலும் விரியும். ஐந்தாறு வருடத்தில் கொடி சாகும். தோட்டக்காரர் மஞ்சள் திட்டைப் பார்த்து, தண்ணீர் போதவில்லையோ, சத்துக் குறைவோ என்று யோசித்துக்கொண்டிருக்கும் அந்த வருடங்கள் முழுக்க, அவர் தோட்டத்துக்குள் ஆட்களும் இயந்திரங்களும் வந்து போய்க்கொண்டிருந்திருக்கும். தொற்று உறுதியாகும் நாளில் அது ஏற்கெனவே எங்கெங்கு போயிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. தடுப்பு விதிகள் "நோய் உள்ள தோட்டம்" என்று மட்டும் பேசாமல் ஒரு வட்டாரத்தையே சேர்த்து வளைப்பதற்குக் காரணம் இந்தத் தாமதம்தான்.

இனி, அது எப்படிப் பயணம் செய்கிறது? தானாகப் பெரிய தூரம் போகாது. ஒரு பருவத்தில் நூறு இருநூறு மீட்டர் போனாலே அதிகம். ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் பெண் பூச்சிகள்தான். ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். ஒரு பூச்சி ஒரு சுற்றில் 200 முட்டை வரை இடலாம், ஒரு பருவத்தில் பல தலைமுறை வரும். ஆக, ஒரே ஒரு பூச்சி புதிய இடத்தில் வேரைக் கண்டுபிடித்தால் போதும். முட்டையிலிருந்து வரும் இளம்பூச்சிகள் கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் மண்ணிலிருந்து மேலே ஏறி, தண்டு, இலை, குலை என்று நடமாடும். அவற்றின் நீளம் 0.3 மில்லிமீட்டர் அளவு, கண்ணுக்குப் புழுதி மாதிரிதான் தெரியும். அந்த ஊரில் அறுவடையும் அதே மாதங்களில்தான். அதாவது, பூச்சி மேலே வரும் வேளையில்தான் நூற்றுக்கணக்கான ஆட்கள் கொடிகளுக்கு நடுவே கைவைத்து வேலை செய்கிறார்கள். உணவில்லாமல் அது எட்டு நாள் வரை உயிரோடு இருக்கும்.

இப்போது உங்கள் பயணத்தை இதோடு பொருத்திப் பாருங்கள். யாராவில் வெள்ளிக்கிழமை கடைசி வரிசையைப் பறிக்கிறீர்கள். பூட்ஸின் அடியில் அரை அங்குலம் சேறு, கால்சட்டை மடிப்பில் காய்ந்த இலைத்துணுக்கு, இரும்புக் கத்திரியின் இடுக்கில் மண். திங்கட்கிழமை பரோசாவில் முதல் வரிசையில் நிற்கிறீர்கள். பூச்சியின் கணக்கில் இன்னும் ஐந்து நாள் மிச்சம். தானாகப் போனால் பல ஆயிரம் வருடம் ஆகக்கூடிய தூரத்தை உங்கள் கால் மூன்று நாளில் கடத்திவிட்டது. இந்தப் பூச்சி உலகம் முழுக்கப் போனது இப்படி மனிதர்களோடுதான்.

பிரான்சுக்கும் அப்படியே போனது. அமெரிக்கக் கொடிகளை ஆர்வத்தால் வேரோடு வரவழைத்தார்கள். நீராவிக் கப்பல் வந்து பயண நாள் குறைந்ததால் பூச்சி வழியில் சாகாமல் போய்ச் சேர்ந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1860களில் ரோன் நதிப் பக்கம் கொடிகள் காரணம் தெரியாமல் சாகத் தொடங்கின. 1868ல் மோன்பெலியே நகரத்துத் தாவரவியலாளர் ழூல் எமீல் பிளான்ஷோனும் இரண்டு தோழர்களும் சாகும் கொடிகளை விட்டுவிட்டு, பக்கத்தில் நன்றாக இருந்த கொடிகளின் வேரைத் தோண்டிப் பார்த்தார்கள். பூச்சிகள் அங்கே இருந்தன. செத்த கொடியின் வேரில் பூச்சி இருக்காது, அது ஏற்கெனவே அடுத்த கொடிக்குப் போயிருக்கும். இன்றுவரை சோதனை செய்பவர்கள் திட்டின் ஓரத்தில் தோண்டுவதற்கு இதுதான் காரணம். பிரான்சின் ஒயின் உற்பத்தி 1875ல் 8 கோடி ஹெக்டோலிட்டரைத் (ஒரு ஹெக்டோலிட்டர் 100 லிட்டர்) தாண்டியிருந்தது, 1889ல் 2.3 கோடி அளவுக்கு விழுந்தது. 1878ல் பெர்ன் நகரில் ஐரோப்பிய நாடுகள் சில கூடி, ஃபிலாக்ஸெராவைத் தடுக்கக் கொடிகளின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை என்று அதைத்தான் சொல்வார்கள். இன்று உலகம் முழுக்க விமான நிலையங்களில் செடி, விதை, பழம் பற்றிக் கேட்கிறார்களே, அந்த ஏற்பாட்டுக்குத் தொடக்கம் இந்தத் திராட்சைப் பூச்சி.

ஆஸ்திரேலியாவில் இது முதலில் தென்பட்டது 1877ல், விக்டோரியாவின் ஜீலாங் அருகே ஃபயன்ஸ்ஃபோர்டில். அரசு ஜீலாங் வட்டாரக் கொடிகளைப் பிடுங்கிப்போட உத்தரவிட்டது. செழித்திருந்த ஒரு ஒயின் வட்டாரம் அப்படியே அழிந்தது, மறுபடி அங்கே திராட்சை தலையெடுக்க ஏறக்குறைய 90 வருடம் ஆனது. அவ்வளவு பெரிய தியாகம் செய்தும் பூச்சி நிற்கவில்லை. 1899ல் விக்டோரியாவின் வடகிழக்கில் இருக்கும் ரதர்க்ளென் வரை போய்விட்டது. நியூ சவுத் வேல்ஸில் சிட்னியை ஒட்டிய பகுதியிலும் வந்தது.

தெற்கு ஆஸ்திரேலியா இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. 1899ல் தனியாக ஃபிலாக்ஸெரா சட்டம் ஒன்று இயற்றி, தோட்டக்காரர்களிடமே வரி வாங்கி, ஒரு வாரியம் அமைத்தது. அந்த வாரியத்தின் வழிவந்த அமைப்புதான் இன்றைய வைன்ஹெல்த் ஆஸ்திரேலியா. அரை ஹெக்டேருக்கு மேல் கொடி வைத்திருக்கும் எவரும் அங்கே பதிவு செய்ய வேண்டும். எந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் கையில் இருப்பதால், நாளை தொற்று வந்தால் யாருடைய கதவைத் தட்டுவது என்று தேட வேண்டியதில்லை. நூறு வருடங்களுக்கு மேலாக அந்த மாநிலத்தில் ஃபிலாக்ஸெரா நுழையவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவும் டாஸ்மானியாவும்கூட இன்றுவரை சுத்தம்.

நுழையாததால் கிடைத்த சொத்து என்னவென்று நீங்கள் வேலை பார்க்கப்போகும் பரோசாவிலேயே பார்க்கலாம். 1843ல் நட்ட ஷிராஸ் கொடிகள் லாங்மெய்ல் தோட்டத்தில் இன்னும் காய்க்கின்றன. பிரான்ஸ் தன் ஷிராஸ் கொடிகளை இழந்து, மறுபடி நட்டுக்கொண்டிருந்த காலத்துக்கும் முன்னால் நட்டவை அவை. தண்டு முறுக்கேறி, நடுவில் பொந்து விழுந்து, ஒரு கொடியில் கொஞ்சமே குலை வரும். அதற்கு ஈடாக உலகில் எதையும் புதிதாக நட முடியாது. அதுமட்டுமா, அந்த மாநிலத்துக் கொடிகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்றும் சொந்த வேரில் நிற்பவை. ஒட்டுக்கட்டாதவை. அதாவது பூச்சி உள்ளே வந்தால் எந்தத் தடுப்பும் இல்லாதவை.

"அப்படியானால் ஒட்டுக்கட்டி நட்டுவிட வேண்டியதுதானே, எதற்கு எல்லைக் காவல்?" என்று பலரும் கேட்பார்கள். நல்ல கேள்வி. பிரான்ஸ் மீண்டது அப்படித்தான். அமெரிக்கக் காட்டுத் திராட்சையை வேர்ச்செடியாக வைத்து, அதன் மேல் ஐரோப்பிய ரகத்தை ஒட்டினார்கள். இன்று உலகில் பெரும்பாலான ஒயின் திராட்சை அப்படி நிற்கிறது. ஆனால் இதில் மூன்று சிக்கல். ஒன்று, இருக்கும் கொடிக்கு வேரை மாற்ற முடியாது, பிடுங்கிவிட்டுத்தான் நட வேண்டும். முழு விளைச்சல் திரும்ப வரப் பல வருடம், அதுவரை கையிலிருந்து செலவு. இரண்டு, 180 வருடக் கொடியைப் பிடுங்கினால் போனது போனதுதான். மூன்றாவது பலருக்கும் தெரியாதது: வேர்ச்செடி எல்லாமே எல்லாப் பூச்சிக்கும் தாங்காது. கலிஃபோர்னியாவில் ஏஎக்ஸ்ஆர்1 என்ற வேர்ச்செடியை நம்பி நாபாவிலும் சொனோமாவிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் நட்டார்கள். அதன் பெற்றோரில் ஒன்று ஐரோப்பியத் திராட்சை. 1980களில் அதையும் தின்னும் பூச்சி வகை தலைதூக்கியது, அவ்வளவையும் மறுபடி பிடுங்க வேண்டிவந்தது. ஆஸ்திரேலியாவில் 80க்கும் மேற்பட்ட மரபு வகைகள் பதிவாகியிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேர்ச்செடியிடம் ஒவ்வொரு பலம். ஆகவே ஒட்டுக்கட்டிய தோட்டங்கள் நிறைந்த வட்டாரத்திலும் காவல் தேவை. ஒரு வகை வந்துவிட்டதே என்று கதவைத் திறந்துவிட்டால் மற்ற எழுபது எண்பதும் வரும். வேர்ச்செடியின் இலையும் தண்டும் நன்றாக இருக்கும்போதே அதன் வேரில் பூச்சி பெருகி, பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கவும் கூடும். என் கருத்தில் புதிதாக நடும் எவரும் வேர்ச்செடியில் நடுவதே நல்லது. அதைக் காவலுக்கு மாற்றாக நினைத்துவிடக் கூடாது என்பதுதான் விஷயம்.

விதிகளின் அமைப்பைப் பார்க்கலாம். நாடு முழுவதையும் மூன்று வகை மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். பூச்சி இருப்பது உறுதியான தொற்று மண்டலம். சரியாகச் சோதிக்கப்படாததால் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத ஐய மண்டலம். சோதித்தோ வரலாற்றாலோ சுத்தம் என்று நிலைநாட்டப்பட்ட விலக்கு மண்டலம். ஒரு தோட்டத்தில் பூச்சி கண்டால், அதைச் சுற்றி சுமார் ஐந்து கிலோமீட்டர் ஆரத்தில் தொற்று மண்டலம் வரைவது வழக்கம். நீங்கள் வேலை பார்த்த யாரா, 2006ல் பூச்சி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு மரூண்டா தொற்று மண்டலத்தில் வந்தது. அதன் எல்லை அதற்குப்பின் பலமுறை விரிந்திருக்கிறது. விக்டோரியாவில் நகாம்பி, வடகிழக்குப் பகுதி முதலியவையும், நியூ சவுத் வேல்ஸில் சிட்னி வட்டாரமும் ஆல்பரி–கொரோவா பகுதியும் தொற்று மண்டலங்கள்.

பட்டியலின் கடைசியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆல்பரி–கொரோவா இருப்பது மரே நதிக்கு வடக்கே, அது ஒரு மாநிலம். ரதர்க்ளென் இருப்பது தெற்கே, வேறு மாநிலம். பூச்சிக்கு அந்த ஆறு ஒரு பொருட்டே இல்லை. இன்னொரு பக்கம், நீங்கள் கடந்துவந்த மில்டுரா யாராவைப் போலவே விக்டோரியாவில்தான் இருக்கிறது, ஆனால் அது விலக்கு மண்டலம். யாராவிலிருந்து ஒரு அறுவடை இயந்திரத்தையோ ஒரு தொட்டித் திராட்சையையோ மில்டுராவுக்குக் கொண்டுபோவதற்கும் கட்டுப்பாடு உண்டு. மாநில எல்லையைத் தாண்டவே வேண்டாம், விக்டோரியா தன் சொந்தத் தோட்டக்காரர்களையே மண்டலத்துக்கு மண்டலம் தடுக்கிறது. இது வியாபாரத் தந்திரமா என்று கேட்டீர்களே, அதற்குப் பாதி பதில் இதில் இருக்கிறது.

மீதிப் பாதி, எதைத் தடுக்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்பதில். தடுப்பது வேர் விட்ட நாற்று, பறித்த குலை, பிழிந்த சக்கை, மண், கொடி கட்டப் பயன்பட்ட கம்பம், அறுவடை இயந்திரம், டிராக்டர், தொட்டி, பூட்ஸ். சிலவற்றுக்கு வழியே இல்லை, சிலவற்றுக்குச் சிகிச்சையும் சான்றிதழும் வேண்டும். புட்டியில் அடைத்த ஒயினுக்கு எந்தத் தடையும் கிடையாது. யாராவின் பினோ நுவார் ஒயின் தெற்கு ஆஸ்திரேலியத் தலைநகர் அடிலெய்டில் எந்தக் கடையிலும் தாராளமாக விற்கிறது. பரோசாக்காரருக்குப் போட்டி என்றால் அந்தப் புட்டிதான் போட்டி. நொதித்து, வடித்து, அடைத்த ஒயினில் பூச்சி உயிரோடு இருக்காது என்பதால் அது வருகிறது. போட்டியைத் தடுக்க நினைப்பவர்கள் எழுதும் விதி இப்படி இருக்காது.

நீதிமன்றக் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலிய அரசமைப்புச் சட்டத்தின் 92ஆவது பிரிவு, மாநிலங்களுக்கிடையே வணிகமும் போக்குவரத்தும் தடையற்று இருக்க வேண்டும் என்கிறது. அப்படியிருக்க ஒரு மாநிலம் பூச்சியின் பெயரால் கதவை மூடலாமா? 1928ல் நெல்சன் வழக்கு வந்தது. குயின்ஸ்லாந்தில் உண்ணி பரவிய பகுதிகளிலிருந்து மாடுகளை நியூ சவுத் வேல்ஸ் தடுத்திருந்தது. நீதிபதிகள் மூன்றுக்கு மூன்று பிரிந்தார்கள், தலைமை நீதிபதி இருந்த பக்கம் வென்று தடை நிலைத்தது. 1935ல் டாஸ்மானியா விக்டோரியா மீது வழக்குத் தொடுத்தது. டாஸ்மானிய உருளைக்கிழங்கு மொத்தத்துக்கும் விக்டோரியா தடை விதித்திருந்தது. அந்தத் தடைக்கு ஆதாரமாகக் காட்டிய சட்டம் பயிர், திராட்சை நோய்களுக்கான சட்டம்தான். நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாதென்றது. நோயுள்ள சரக்கு, நோயில்லாச் சரக்கு என்று பார்க்காமல் ஒரு மாநிலத்துப் பொருளையே அடைத்துவிட்டால் அதைத் தனிமைப்படுத்தல் என்று ஏற்க முடியாது. 1988ல் கோல் எதிர் விட்ஃபீல்ட் வழக்குக்குப் பிறகு அளவுகோல் இன்னும் தெளிவாயிற்று: பக்கத்து மாநில வணிகத்தைப் பாரபட்சமாக ஒடுக்கி, உள்ளூர்க்காரரைக் காக்கும் விதி செல்லாது. ஆகவே இன்றைய மண்டல விதிகள் ஒவ்வொன்றும் பூச்சியின் உயிரியலில் கால் ஊன்றி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் யாராவது ஒரு வணிகர் வழக்குப் போட்டால் விழுந்துவிடும். எனக்கு இந்தக் கட்டாயம் மிகவும் பிடித்தது. விதி எழுதுபவரை அது நேர்மையாக வைத்திருக்கிறது.

அந்த உயிரியல் எப்படி நடைமுறைக்கு வருகிறது என்பதற்கு உங்கள் பூட்ஸே உதாரணம். விதி சொல்வது: முதலில் தூரிகை வைத்து மண்ணை முழுக்கச் சுரண்டு, அடிப்பள்ளங்களையும் சேர்த்து. பிறகு 2 சதவீதம் குளோரின் உள்ள ப்ளீச் கரைசலில் 60 விநாடி நிறுத்து. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவாதே. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. மண்ணோடு முக்கினால் குளோரின் மண்ணில் உள்ள மக்கோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும், பூச்சிக்கு மிச்சம் இருக்காது. பூட்ஸை நனைத்ததும் எடுத்துவிட்டால் கரைசல் இடுக்குக்குள் போகாது. கழுவிவிட்டால் கொல்ல வேண்டிய நேரத்தில் மருந்தே இருக்காது. காலையில் கலக்கிய தொட்டி வெயிலில் மதியம் வரை கிடந்தால் அதன் வீரியம் போய்விடும், அதனால் அடிக்கடி புதிதாகக் கலக்கச் சொல்கிறார்கள். பல தோட்ட வாசல்களில் சேறு படிந்து நிறம் மாறிய தொட்டியில் ஆட்கள் ஒரு காலை வைத்து எடுத்துவிட்டு உள்ளே போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும். அது சடங்கு, காவல் ஆகாது.

பெரிய இயந்திரங்களை ப்ளீச்சில் முக்க முடியாதல்லவா? அவற்றுக்கு வெப்பம். நன்றாகக் கழுவி, இலையும் மண்ணும் போக்கி, மூடிய கொட்டகையில் ஏற்றி, 45 பாகை செல்சியஸில் 75 நிமிடம் அல்லது 40 பாகையில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். இங்கும் கழுவுவதுதான் உயிர்நாடி. ஒரு மண்கட்டி ஒட்டியிருந்தால் அதன் நடுப்பகுதி சூடாகவே சூடாகாது, உள்ளே இருக்கும் பூச்சி பிழைத்துவிடும். அறுவடை இயந்திரத்தில் கொடியை உலுக்கும் கம்பிகள், பட்டைகள், மின்விசிறி என்று இலைத்துணுக்கு போய் ஒளியும் இடங்கள் ஏராளம். அதைக் கழற்றிக் கழுவ ஒரு ஆளுக்குக் கிட்டத்தட்ட நாள் முழுக்க வேலை இருக்கும். அறுவடை நெருக்கடியில் அந்த நேரம் கிடைப்பது கஷ்டம். வாடகைக்கு இயந்திரம் ஓட்டுபவர்கள் மீதுதான் அதிகாரிகளின் கண் அதிகம் இருப்பதற்கு இதுவே காரணம், அது சரியானதும்கூட.

இவ்வளவும் பலன் தருகிறதா? நேர்மையாகச் சொன்னால் கலவையான பதில்தான். ஒருபக்கம், ஒரு மாநிலம் நூற்றாண்டுக்கு மேல் தப்பித்திருக்கிறது. மறுபக்கம், யாராவில் தொற்று வந்த பிறகு மண்டலம் விரிந்துகொண்டே போனது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலமும் சொந்த வேரில் கொடி வளர்த்துப் பெருமைப்பட்ட இடம், 2019ல் வாலா வாலா பகுதித் தோட்டங்களில் இது தெரியவந்தது. ஃபிலாக்ஸெரா ஒரு இடத்தில் வேரூன்றிவிட்டால் அதை ஒழித்ததாக நம்பத்தக்க பெரிய உதாரணம் இல்லை. மண்ணுக்குள் ஆழத்தில் இருப்பதை மருந்தால் எட்ட முடியாது. ஆகவே அதற்கு எதிரான ஒரே ஆயுதம் வராமல் தடுப்பது.

எல்லாப் பூச்சியும் அப்படியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பியத் திராட்சை அந்துப்பூச்சி 2009ல் நாபாவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2010ல் பொறிகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் விழுந்தன. உடனே பழம், இயந்திரம், சக்கை எல்லாவற்றின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தினார்கள். லாரிகளைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பெண் பூச்சியின் வாசனையைத் தோட்டம் முழுக்கப் பரப்பி ஆண் பூச்சிகளைக் குழப்பினார்கள். 2014ல் மொத்தமே ஒரே ஒரு அந்துப்பூச்சி கிடைத்தது. 2016ல் முற்றாக ஒழிந்ததாக அறிவித்தார்கள். தோட்டக்காரர்கள் ஒத்துழைத்தது அதில் பெரும்பங்கு. அந்துப்பூச்சி தரைக்கு மேலே வாழ்வது, பொறியில் எண்ணிப் பார்க்கக்கூடியது என்பதும் காரணம்தான்.

ஆஸ்திரேலிய ஏற்பாட்டில் பலவீனம் எங்கே என்று கேட்டால் நான் சுற்றுலாவைத்தான் சொல்வேன். இயந்திரத்துக்குச் சான்றிதழ் இருக்கிறது, நாற்றுக்கு வெந்நீர்ச் சிகிச்சை இருக்கிறது. காலையில் யாராவில் கொடிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு, அடுத்தநாள் விமானம் ஏறி பரோசாவில் அதே செருப்போடு கொடிகளுக்கு நடுவே நிற்பவரை எந்தச் சாவடியும் நிறுத்துவதில்லை. வாசலில் "கொடி வரிசைக்குள் வராதீர்கள்" என்று பலகை வைப்பதும் வேலி போடுவதும் தோட்டக்காரர் கையில் விடப்பட்டிருக்கிறது. ஒயின் ருசிக்க வந்தவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கப் பலருக்கும் தயக்கம். உங்களிடம் கேட்ட அந்தப் பரோசாக்காரர் அந்தத் தயக்கத்தைத் தாண்டியவர்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். எந்தத் தோட்டத்தில், எந்தத் தேதி வரை வேலை பார்த்தீர்கள் என்று அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தொற்று மண்டலத்திலிருந்து வருபவர் என்று தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று பயந்து சிலர் சொல்வதில்லை, அதுதான் ஆபத்து. யாராவில் போட்ட துணி, தொப்பி, கையுறை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து, சூடான உலர்த்தியில் காயவையுங்கள். காருக்குள் மிதியடியைத் தட்டிக் கழுவுங்கள், பெரும்பாலும் மறந்துபோவது அதுதான். கத்திரியைப் பிரித்து, மண் போகத் தேய்த்து, பூட்ஸோடு அதே ப்ளீச்சில் அதே 60 விநாடி வையுங்கள். முடிந்தால் பரோசாவுக்கென்று வேறு பூட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். பல தோட்டங்களில் வந்தவர்களுக்கு ரப்பர் பூட்ஸ் அவர்களே தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

வேலை செய்யும்போது ஒரு வரிசையின் நடுவில் மட்டும் கொடிகள் முன்னதாகவே மஞ்சளாகி, தளிர் குட்டையாக நிற்பதைக் கண்டால், அந்த இடத்தைக் குறித்துவைத்து மேற்பார்வையாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். தோண்டிப் பார்க்க வேண்டாம், அங்கிருந்து நேராக அடுத்த வரிசைக்கும் நடக்க வேண்டாம். நாடு முழுவதுக்குமான பயிர்ப் பூச்சி அழைப்பு எண் 1800 084 881. நீங்கள் சொன்னது வெறும் தண்ணீர்க் குறைவாக இருந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.